தேடி வருபவருக்கு உள்ளதைச் சொல்

கண்ணு, காடாம்புலியூரில் ஒரு முந்திரிக் கடைக்கு வெப்சைட் பார்த்துக்கொடுக்க ஒப்புக்கொண்டாய் என்று உன் அப்பா சொன்னார். நல்ல இடத்தில் தொடங்குகிறாய். பண்ருட்டியைத் தாண்டி நெய்வேலி நோக்கிப் போகும் அந்தச் சாலையில் திரும்பிய பக்கமெல்லாம் முந்திரிக் கடைதான். எல்லாரும் ஒரே சரக்கை விற்கிறார்கள். எல்லாருக்கும் கூகுளில் முதல் பக்கம் வேண்டும். அந்தப் பக்கத்திலோ ஏறக்குறைய பத்துப் பேருக்குத்தான் இடம். இந்த நெரிசலில் உன்னை நிறுத்தி வைக்கப்போவது பாதி உன் படிப்பு, பாதி உன் குணம். தேடலில் தளத்தை முன்னே கொண்டுவரும் எஸ்.இ.ஓ. நுட்பம் ஆண்டுக்கு ஆண்டு மாறும்; அதை நீயே படித்துக்கொள்வாய். இத்தனை காலத்தில் மாறாமல் நின்றது எது என்று நான் பார்த்ததை மட்டும் வரிசையாக எழுதுகிறேன். அவசரமில்லாமல் படி.

1. லேப்டாப்பைத் திறக்கும் முன் கடையில் போய் உட்கார்.

நாலு நாள் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொள். போனில் என்ன கேட்கிறார்கள் என்று காது கொடு. "முழுசா, உடைஞ்சதா?" "பாயசத்துக்கு எது போதும்?" "பச்சையா, வறுத்ததா?" "சென்னைக்கு அனுப்ப எவ்வளவு ஆகும்?" "எத்தனை நாள் கெடாம இருக்கும்?" ஒவ்வொன்றையும் நோட்டில் எழுது. உன் வெப்சைட்டில் என்னென்ன பக்கங்கள் வேண்டும் என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும். கடைக்காரர் "முந்நூத்தி இருபது", "இருநூத்தி நாப்பது" என்று பேசுவார். வாங்க வந்தவர் தலையை ஆட்டுவார், புரிந்திருக்காது. ஒரு பவுண்டு எடையில், அதாவது 454 கிராமில், எத்தனை முழுப்பருப்பு நிற்கும் என்பதுதான் அந்தக் கணக்கு. 320 என்றால் 300 முதல் 320 வரை. 240 என்றால் 220 முதல் 240 வரை. 180 என்றால் 170 முதல் 180 வரை. எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் கூட. இதை ஒரு பக்கத்தில், உள்ளங்கையில் பருப்பை வைத்து எடுத்த படத்தோடு எழுது. "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, இதைப் போய் எழுதணுமா?" என்று கடைக்காரர் கேட்பார். நான் வேலை பார்த்த அத்தனை கடைகளிலும் இந்தக் கேள்வி என் காதில் விழுந்திருக்கிறது. விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாமல் இருப்பதை எழுதத்தான் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

2. வாங்குபவர் வாயில் வரும் சொல்லை எழுது.

முதலாளிக்கு "உலகத் தரம்", "ஈடு இணையற்ற சுவை" என்று போட்டால்தான் மனம் நிறையும். அப்படி யாரும் தேடுவதில்லை. "முந்திரி ஒரு கிலோ விலை" என்று தேடுகிறார்கள். பலர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். பண்ருட்டியையே ஆங்கிலத்தில் ஒரு 'டி' போட்டு எழுதுபவரும் உண்டு, இரண்டு போடுபவரும் உண்டு. நெய்வேலி டவுன்ஷிப்பில் பல மாநிலத்தார் குடியிருக்கிறார்கள். அவர்களில் "காஜு" என்று தேடுபவர்களும் இருப்பார்கள். அதற்காக எல்லா எழுத்துக்கூட்டலையும் ஒரே பத்தியில் திணித்துவிடாதே. இந்த வேறுபாடுகளில் பெரும்பாலானவற்றைக் கூகுளே புரிந்துகொள்ளும். வாசிக்கிற மனிதர்தான் முகம் சுளிப்பார். கீவேர்டு மெட்டா டேக்கில் முப்பது சொல்லை அடுக்கினால் மேலே வரலாம் என்று இன்னமும் கற்றுக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வரிசைப்படுத்த அதைப் பார்ப்பதே இல்லை என்று 2009 செப்டம்பரிலேயே கூகுள் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. தளம் ஓடத் தொடங்கியதும் கூகுளின் சர்ச் கன்சோலைத் திற. எந்தச் சொல்லைத் தேடியவருக்கு உன் பக்கம் காட்டப்பட்டது என்று அதில் பார்க்கலாம். மாதம் ஒருமுறை அந்தப் பட்டியலை நிதானமாக வாசி. உன் ஊகத்தை அது பலமுறை திருத்தும், திருத்தட்டும்.

3. உன் கையில் இல்லாததை வாக்காகக் கொடுக்காதே.

"முதல் இடம் உறுதி" என்று சொல்லி முன்பணம் வாங்குபவர்களைப் பார்ப்பாய். கூகுளில் முதலிடத்தை யாராலும் உறுதியளிக்க முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. ஒழுங்காகச் செய்த வேலையின் பலன் தெரிய நாலு மாதம் முதல் ஒரு வருஷம்வரை ஆகும் என்றும் 2017இல் அவர்கள் தரப்பிலிருந்தே சொன்னார்கள். உன் ஊர்க் கதையையே எடுத்துக்கொள். நெய்வேலிச் சுரங்க வேலையை 1957 மே மாதம் நேரு தொடங்கி வைத்தார். மேல்மண்ணை வெட்டி வெட்டி அகற்றி, பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில்தான். நடுவில் அகற்றிய மண்ணுக்கு யாரும் விலை கொடுக்கவில்லை; அதை அகற்றாமல் கரியும் கிடைத்திருக்காது. உன் முதல் சில மாத வேலையும் மேல்மண் எடுப்பதுதான். புரட்டாசியில் வந்து "தீபாவளிக்குள்ள மேலே கொண்டு வந்துடு" என்று கேட்கிறவரிடம், "இந்தத் தீபாவளிக்கு விளம்பரம் கொடுங்கள் அண்ணே, அடுத்த தீபாவளிக்கு இப்போதே வேலையைத் தொடங்குகிறேன்" என்று சொல். சிலர் எழுந்து போய்விடுவார்கள். இருந்து கேட்பவர்தான் நெடுநாள் உன்னோடு வருவார்.

4. ஒரு பக்கத்துக்கு ஒரு வேலை கொடு.

எல்லாச் சரக்கையும் ஒரே பக்கத்தில் கொட்டாதே. முழுப்பருப்புக்கு ஒரு பக்கம், பாதிப் பருப்புக்கு ஒன்று, மிளகு போட்டு வறுத்ததற்கு ஒன்று, மொத்த விலைக்கு ஒன்று. ஒவ்வொன்றின் தலைப்பும் உள்ளே இருப்பதைச் சொல்லட்டும். 'ஹோம்' என்று டைட்டில் வைத்த கடைகளை எண்ணி முடியாது; அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு யார் உள்ளே வருவார்? "320 ரக முந்திரி, அரைக் கிலோ முதல்" என்று எழுதி, பக்கத்தில் கடைப்பெயரும் ஊரும் போடு. விலைப்பட்டியலை வாட்ஸ்அப் போஸ்டராகச் செய்து அந்தப் படத்தையே தளத்திலும் ஒட்டிவிடும் பழக்கம் நம் ஊரில் அதிகம். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி நம்பி எடுத்துக்கொள்வதில்லை. விலையை எழுத்தாகவே தட்டச்சு செய். படத்துக்கு மாற்றுவரி எழுதும்போது, பார்வையற்ற ஒருவருக்கு அதைத் திரைவாசிப்பான் படித்துக்காட்டும் என்று நினைத்துக்கொண்டு எழுது. வரி தானாகவே சரியாக அமையும். இன்னொன்று. தளத்தைக் கட்டும்போது "தேடுபொறி இதைச் சேர்க்க வேண்டாம்" என்று ஒரு கட்டத்தில் டிக் போட்டு வைப்பார்கள். திறப்பு விழா அன்று அதை எடுக்க மறந்துவிட்டால் பொங்கல் சீசன் முழுக்க ஒருவரும் வரமாட்டார்கள். நடந்திருக்கிறது. பெரிய தந்திரங்களைத் தேடும் முன் இந்தச் சின்னக் கட்டத்தைப் பார்.

5. வரைபடத்தில் கடை நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும்.

நெடுஞ்சாலைக் கடைக்கு வெப்சைட்டைவிடக் கூகுள் மேப் பெரிது. கும்பகோணம் போகிற குடும்பம் காரில் இருந்தபடியே "பக்கத்தில் முந்திரிக் கடை" என்று தேடும். அந்தத் தேடலில் யாரை முன்னே காட்டுவது என்பதற்குக் கூகுள் மூன்று காரணங்களைச் சொல்கிறது: கேட்டதற்குப் பொருத்தம், தூரம், கடையின் பெயர் எவ்வளவு அறியப்பட்டது. காசு கொடுத்து அந்த வரிசையை மாற்ற முடியாது என்றும் சொல்கிறது. ஆகவே உன் வேலை எளியது. ஆனால் கவனம் கேட்பது. நடுவில் தடுப்புள்ள சாலையில் அடையாளப் புள்ளி எதிர்ப்பக்கம் விழுந்துவிட்டால் வண்டி தாண்டிப் போய்விடும், திரும்பி வராது. புள்ளியை நேரில் போய் நின்று சரிபார். கடை திறக்கும் நேரம், விடுமுறை, போன் எண் எல்லாம் பலகையில் இருப்பதும் தளத்தில் இருப்பதும் மேப்பில் இருப்பதும் ஒன்றாக இருக்கட்டும். கடைப்பெயரோடு "சிறந்த மலிவான முந்திரி மொத்த விற்பனை" என்று வால் சேர்க்காதே. பலகையில் உள்ள பெயரைத்தான் போட வேண்டும் என்பது விதி, மீறினால் கணக்கையே முடக்கவும் கூடும். சென்னையில் இல்லாத கிளைக்குச் சென்னை முகவரி போடச் சொன்னால் மறுத்துவிடு. அந்த முகவரியைத் தேடிப்போய் வெயிலில் அலைபவர் உன் கடைக்காரரைத்தான் திட்டுவார்.

6. குறுக்கு வழியின் கணக்கை வேறொருவர் கட்டுவார் என்பதை மறக்காதே.

"ஆயிரம் லிங்க், ஐயாயிரம் ரூபாய்" என்று செய்தி வரும். தேடலில் ஏற்றிவிடுவதாகச் சொல்லி, சம்பந்தமே இல்லாத தளங்களிலிருந்து உன் கடைக்கு இணைப்புக் கொடுப்பார்கள். இப்படிக் குறுக்கு வழியில் போன பெரியவர்களின் கதையைத் தெரிந்துகொள். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. தளம், தேடுபொறிக்கு ஒரு பக்கமும் மனிதருக்கு வேறு பக்கமும் காட்டியதற்காக 2006 பிப்ரவரியில் கூகுள் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. அமெரிக்காவின் ஜே.சி. பென்னி கடை, 2010 பண்டிகைக் காலம் முழுக்கப் படுக்கை விரிப்பு முதல் பயணப்பெட்டிவரை எதைத் தேடினாலும் முன்னே வந்து நின்றது. நூற்றுக்கணக்கான வேண்டாத தளங்களில் காசு கொடுத்துப் போட்ட இணைப்புகள்தான் காரணம் என்று 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. கூகுள் நடவடிக்கை எடுத்ததும், ஒரு பயணப்பெட்டித் தேடலில் முதலிடத்தில் இருந்த கடை இரண்டு மணி நேரத்தில் 71ஆம் இடத்துக்குப் போனது. தனக்கு எதுவும் தெரியாது என்று சொன்ன நிறுவனம், தேடுபொறி வேலை பார்த்தவர்களை வெளியேற்றியது. மறுவருஷம் ஏப்ரல் 24 அன்று கூகுளின் வரிசைப்படுத்தலில் பென்குவின் என்ற மாற்றம் வந்து, இப்படிப்பட்ட இணைப்புகளை நம்பியிருந்த சிறு கடைகளையும் சேர்த்து அடித்தது. பென்னிக்குத் தாங்கும் வலு இருந்தது. காடாம்புலியூர்க் கடைக்கு ஒரு தீபாவளி போனால் அந்த வருஷமே போச்சு. இணைப்பு வேண்டுமென்றால் கேட்டு வாங்கு: முந்திரி வாங்கும் இனிப்புக் கடை, சமையல் எழுதுபவர், ஊர்ச் செய்தி போடுபவர். பத்து வந்தால் போதும். பத்தும் உண்மையாக இருக்கட்டும்.

7. மதிப்புரையை விலைக்கு வாங்காதே. வந்த குறையை ஒளிக்காதே.

ஐந்து நட்சத்திரம் போட்டால் நூறு கிராம் இலவசம் என்று எழுதி ஒட்டலாமா என்று கேட்பார்கள். கூடாது, கூகுளின் விதி அதைத் தடுக்கிறது. நம் நாட்டிலும் இணைய மதிப்புரைகள் எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தரத்தைக் கொண்டுவந்திருக்கிறது. வாங்கிப் போனவரிடம் "எப்படி இருந்தது, எழுதுங்கள்" என்று கேட்பதில் தப்பில்லை. நல்லவிதமாக எழுதுபவரை மட்டும் பொறுக்கிக் கேட்பதுதான் தப்பு. "பருப்பு நமுத்துப் போயிருந்தது" என்று ஒருவர் எழுதினால் கடைக்காரர் கொதிப்பார். அன்று இரவு எதுவும் பதில் போட விடாதே. மறுநாள் காலை, எந்தத் தேதியில் வாங்கியது என்று கேட்டு, மாற்றித் தருவதாக எழுதச் சொல். அந்தப் பதிலைப் படிப்பவர் குறை சொன்ன ஒருவர் மட்டுமில்லை. அடுத்து வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் எல்லாரும் படிக்கிறார்கள். பணிவாக எழுதிய ஒரு பதிலைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று சொன்ன வாடிக்கையாளர்களை நான் அறிவேன்.

8. ஊர்ப் பெயரை மாற்றி மாற்றிப் பக்கம் பெருக்காதே.

"சென்னையில் முந்திரி", "சேலத்தில் முந்திரி", "மதுரையில் முந்திரி" என்று ஒரே பத்தியை ஊர் மட்டும் மாற்றி நூறு பக்கம் செய்வது பழைய வித்தை. இப்போது செயற்கை நுண்ணறிவு வந்தபின் ஆயிரம் பக்கமும் ஒரு மாலையில் ஆகிவிடும். சாரமில்லாத பக்கங்களைக் கீழே தள்ள 2011 பிப்ரவரியில் கூகுளில் வந்த மாற்றத்துக்குப் பாண்டா என்று பெயர்; கரடியை வைத்து வந்த பெயரில்லை, அதில் உழைத்த நவ்நீத் பாண்டா என்ற பொறியாளரின் பெயர். 2024 மார்ச்சில் விதி இன்னும் இறுகியது: யார் எழுதினாலும், எந்திரம் எழுதினாலும், வரிசையில் ஏறுவதற்காகவே மொத்தமாகக் குவித்த பக்கம் குற்றம்தான். எந்திரத்தின் உதவியை வாங்கிக்கொள். எழுத்துப்பிழை பார்க்கட்டும், தலைப்பு யோசிக்கட்டும். ஆனால் பங்குனி சித்திரையில் கொட்டை பொறுக்குவது, காயவைப்பது, சுடுவது அல்லது அவிப்பது, உடைப்பது, தோல் உரிப்பது, ரகம் பிரிப்பது எல்லாம் உன் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. அதை நீதான் எழுத வேண்டும். 2022 டிசம்பரிலிருந்து கூகுள் தன் மதிப்பீட்டாளர்களைப் பார்க்கச் சொல்லும் குணங்களில் 'அனுபவம்' என்பதும் ஒன்று. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் கையைப் புண்ணாக்கும்; அதோடு வேலை செய்யும் பெண்களின் படத்தைத் தளத்தில் போடும் முன் அவர்களிடம் கேள். வேண்டாம் என்றால் வேண்டாம். கேட்டுப் போட்ட படத்தில் முகம் மலர்ந்திருக்கும்.

9. சரக்கு எங்கிருந்து வந்தது என்பதில் பொய் சொல்லாதே.

இதுதான் உன்னை முதலில் சோதிக்கப்போகிற இடம். இங்கே உடைபடும் கொட்டை எல்லாம் இங்கே விளைந்தது இல்லை என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஐவரி கோஸ்ட், தான்சானியா, பெனின் என்று ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கப்பலில் வந்த கொட்டையும் நம் பட்டறைகளில் பருப்பாகிறது. 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயலில் முந்திரித் தோப்புகளும் பலாத் தோப்புகளும் சாய்ந்ததை உன் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். ஒரு மரம் மீண்டும் வளர்ந்து காய்க்கக் காலம் பிடிக்கும். பண்ருட்டி முந்திரிக்கும் பண்ருட்டிப் பலாவுக்கும் 2025இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தக் குறியீட்டைப் பயன்படுத்தப் பதிவு பெற்ற பயனராக இருக்க வேண்டும். ஆகவே கடைக்காரர் "எல்லாத்துலயும் பண்ருட்டி முந்திரின்னு போட்டுடு" என்றால், எது உள்ளூர்த் தோப்புச் சரக்கு, எது வெளிநாட்டுக் கொட்டையை இங்கே உடைத்தது என்று கேட்டு, இரண்டையும் இரண்டாகவே எழுது. பட்டறையின் கைநேர்த்திக்கும் ஒரு பெருமை உண்டு; அதை அந்தப் பெயரில் சொல்லலாம். தேடுபொறி இந்தப் பொய்யை உடனே கண்டுபிடிக்காமல் போகலாம். உன் பெயரை நம்பி அம்மாவுக்கு அரைக் கிலோ வாங்கிய பையனை ஏமாற்றியது ஏமாற்றியதுதான்.

10. பழைய போனில் திறந்து பார்.

உன் புதுப் போனிலும் வீட்டு வைஃபையிலும் எல்லாத் தளமும் பறக்கும். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, விட்டு விட்டு வரும் சிக்னலில், கீறல் விழுந்த போனில் திறந்து பார். அங்கேதான் உன் வாடிக்கையாளர் இருக்கிறார். கைப்பேசிக்கு ஏற்ற பக்கங்களுக்கு முன்னுரிமை என்று 2015 ஏப்ரல் 21 அன்று கூகுள் ஒரு மாற்றம் கொண்டுவந்தபோது, பளபளவென்று இருந்த பல தளங்கள் பின்னே போயின. இன்று பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை வினாடிக்குள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவு. பெரும்பாலும் குற்றவாளி படம்தான்: கேமராவில் எடுத்ததை அளவு குறைக்காமல் அப்படியே ஏற்றியிருப்பார்கள். படத்தைச் சுருக்கு, முகப்பில் ஓடும் ஸ்லைடரை எடு, போன் எண்ணைத் தொட்டால் அழைப்பு போகும்படி செய். அடுத்தவர் நேரத்தை மதிப்பது என்பது இதுதான்.

11. சாவியைக் கடைக்காரர் கையில் கொடு.

தளத்தின் முகவரியான டொமைன் அவர் பெயரில் பதிவாகட்டும்; அவர் மின்னஞ்சல், அவர் போன் எண், அவர் பணம். மேப் கணக்குக்கு அவர் உரிமையாளர், நீ நிர்வாகி. எல்லாவற்றையும் தன் பெயரில் வைத்துக்கொண்டு, கூலித் தகராறு வந்ததும் தளத்தை மூடிவிட்டுப் போன ஆளை எனக்குத் தெரியும். பத்து வருஷப் பெயர் ஒரே நாளில் போயிற்று. அந்த ஆளுக்கும் பிறகு இந்தப் பக்கத்தில் வேலை கிடைக்கவில்லை. உன்னை விட்டுப் போக முடியாதபடி கட்டி வைத்தால் அவர் உன்னை வெறுப்பார். எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்ற நிலையிலும் அவர் உன்னோடு இருந்தால் அதுதான் உன் சம்பாத்தியம். எல்லாக் கடவுச்சொல்லும் எங்கே இருக்கிறது, டொமைன் எந்தத் தேதியில் புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அவர் பீரோவில் வைக்கச் சொல்.

12. இடத்தை எண்ணாதே, விற்றதை எண்ணு.

மாதக் கடைசியில் "பன்னிரண்டிலிருந்து ஏழுக்கு வந்துவிட்டோம்" என்று வண்ண வரைபடம் காட்டுவது சுலபம். கடைக்காரருக்கு அதில் என்ன இருக்கிறது? எத்தனை போன் வந்தது, எத்தனை பேர் வழி கேட்டார்கள், எத்தனை ஆர்டர், அதில் எத்தனை பேர் இரண்டாவது முறை வாங்கினார்கள் என்று கேட்டு எழுது. போனை எடுப்பவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, "எங்களை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?" என்று ஒரு கேள்வி மட்டும் கேட்கச் சொல். சர்ச் கன்சோல் பதினாறு மாதக் கணக்கைத்தான் வைத்திருக்கும். அதற்குமுன் இருந்தது போய்விடும். அதனால் அவ்வப்போது பதிவிறக்கி வை. முந்திரி சீசன் வியாபாரம். சென்ற மாதத்தோடு ஒப்பிட்டால் ஏமாறுவாய், சென்ற தீபாவளியோடு ஒப்பிடு. எண்ணிக்கை குறைந்த மாதத்திலும் அதை அப்படியே சொல். கெட்ட சேதியை முதலில் நீ சொன்னால், நல்ல சேதியையும் அவர் நம்புவார்.

13. விழுந்த நாளில் கையைக் கட்டிக்கொண்டு இரு.

ஒருநாள் காலையில் தளம் காணாமல் போகும். 2003 நவம்பரில், அமெரிக்காவின் பண்டிகை விற்பனை தொடங்கும் நேரத்தில், ஃப்ளோரிடா என்று பின்னால் பெயர் பெற்ற மாற்றம் கூகுளில் வந்தது. தப்பே செய்யாத சிறு வியாபாரிகளும் அதில் அடிபட்டார்கள் என்ற புலம்பல் அப்போது பெரிதாக எழுந்தது. அதன்பின் இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ மாற்றம் வந்துவிட்டது, இனியும் வரும். அன்று பதற்றத்தில் தலைப்பெல்லாம் மாற்றுபவர்கள், எதனால் விழுந்தது என்று கண்டுபிடிக்கிற வழியையும் சேர்த்து அழிக்கிறார்கள். முதலில் தளம் திறக்கிறதா என்று பார். டொமைன் காலாவதி ஆகவில்லையே? யாராவது ஏதாவது மாற்றினார்களா? எல்லாப் பக்கமும் விழுந்ததா, சில மட்டுமா? நீ செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு எழுதி வைத்திருந்தால் பாதி விடை அதிலேயே கிடைக்கும். பதறாத காரியம் சிதறாது. இன்னொன்றையும் முதல் நாளிலிருந்தே செய்து வை: வாங்கியவர்களின் சம்மதத்தோடு அவர்கள் எண்ணைக் குறித்துக்கொண்டு, பண்டிகைக்குமுன் ஒரே ஒரு செய்தி அனுப்பச் சொல். கூகுள் கொடுத்த வாடிக்கையாளரைக் கடை தன் வாடிக்கையாளராக ஆக்கிக்கொள்ளாவிட்டால், உன் உழைப்பு ஆண்டுதோறும் ஒன்றிலிருந்தே தொடங்கும்.

14. புதிதாக வருவதைப் பார்த்துப் பயப்படாதே, ஏமாறவும் செய்யாதே.

2024 ஆகஸ்டிலிருந்து நம் நாட்டிலும் கூகுள், தேடியவருக்குத் தானே ஒரு சுருக்க விடையை மேலே எழுதிக்காட்டுகிறது. பலர் அதைப் படித்துவிட்டு எந்தத் தளத்துக்கும் போகாமல் திரும்புகிறார்கள். "எஸ்.இ.ஓ. செத்துவிட்டது" என்று ஒரு கூட்டம் கூவுகிறது, அதே கூட்டம் வேறு பெயரில் வேறொன்றை விற்கிறது. முந்திரி என்றால் என்ன என்ற பொது விவரத்தை எந்திரம் சொல்லிவிடும். இன்றைக்கு இந்தக் கடையில் 240 ரகம் இருக்கிறதா, என்ன விலை, எப்போது வறுத்தது, நாளை அனுப்ப முடியுமா என்பது கடைக்காரர் சொன்னால்தான் எந்திரத்துக்கும் தெரியும். அதை விலை மாறும் அன்றே மாற்றி, தெளிவாக எழுதி வைத்திருப்பவரைத் தேடித்தான் எதுவும் வந்தாக வேண்டும். கூகுள் பிறந்த 1998லும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

கடைசியாக ஒரு வார்த்தை. நாளைக்குக் கடைக்குப் போகும்போது எந்தத் திட்ட அறிக்கையும் எடுத்துப்போகாதே. மூன்று கேள்வி மட்டும் கேள். போனில் உங்களிடம் அதிகம் கேட்பது என்ன? வாங்கிப் போனவர் எதற்காகத் திரும்பி வருகிறார்? எதைச் சொல்லி விற்க உங்களுக்கே மனம் ஒப்பவில்லை? முதல் இரண்டின் பதிலை வைத்துத் தளத்தை எழுது. மூன்றாவதன் பதில் எந்தப் பக்கத்திலும் நுழையாமல் பார்த்துக்கொள். அதற்குப் பிறகு உன் கூலியைக் கூசாமல் கேட்டு வாங்கு. நேர்மையாகச் செய்த வேலைக்கு அரை விலை கேட்பதும் ஒரு பொய்தான்.